சோதித்தவர் கையொப்பம்

ஜனவரி 11

பேரன்புடைய தம்பிக்கு,

நான் நலம். மழை விட்டதும் முழங்கால் என்னோடு சமாதானம் செய்துகொண்டது. நீயும் உன் மனைவியும் நலந்தானே? அவளுடைய இருமல் நின்றதா என்பதை மறவாமல் எழுதுக.

எங்கள் மருத்துவமனையின் முன்பதிவுக்காக நீ அனுப்பிய செயலியை மூன்று நாட்கள் கையாண்டேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது எங்களுக்கு ஆகாது. முதல் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்ந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் கைப்பேசியின் திரைவாசிப்பான் சொல்வது இவ்வளவே: "பொத்தான். பொத்தான். படம். பொத்தான்." ஒரு தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "இது யார் வீடு?" என்று கேட்கிறேன், உள்ளிருந்து "வீடு" என்றே விடை வருகிறது. நீங்கள் வரைந்த படங்கள் அழகாகவே இருக்கலாம். அவற்றின் பின்னால் ஒரு பெயரை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

நாட்காட்டி இதனினும் மோசம். "பன்னிரண்டு" என்கிறது. எந்த மாதத்துப் பன்னிரண்டு? அன்று மருத்துவர் இருக்கிறாரா, இல்லையா? இல்லாத நாட்களைச் சாம்பல் நிறத்தில் காட்டியிருப்பதாக வேலையில் என் அடுத்த இருக்கைக்காரி சொன்னாள். சாம்பல் எனக்கு எப்படிக் கேட்கும்? இரகசிய எண்ணைத் தட்டும்போதோ, "இருபத்தொன்பது, இருபத்தெட்டு" என்று எஞ்சிய நொடிகளை ஓயாமல் அறிவிக்கிறது. அந்தக் கூச்சலில் நான் தட்டிய எண் எனக்கே கேட்கவில்லை.

இதைப் பொறாமையால் சொல்கிறேன் என்று உன் நிறுவனத்தார் எண்ணலாகாது. செயலி வந்தால் மருத்துவமனையின் தொலைபேசி முன்பதிவு மூடப்படும். பதினெட்டு ஆண்டுகளாக நான் அமர்ந்து பதில் சொல்லும் இருக்கையும் அதனோடு போகும். எங்கள் நால்வரையும் விசாரணை மேசைக்கு மாற்றுவதாக எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஆயினும், பார்வையற்ற ஒருவர் சோதித்துக் கையொப்பமிட்ட பின்னரே தொலைபேசியை மூடுவோம் என்று கண்காணிப்பாளர் விதித்திருக்கிறார். அந்த ஒருவராக என்னை முன்மொழிந்தவன் நீ. பத்தொன்பது வயதில் பார்வை போன பிறகு, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாமலே கணினியைக் கற்றவள் நான். என் கையொப்பம் எளிதில் கிடைக்காது.

இருபத்து மூன்று குறைகளைத் தனியே பட்டியலிட்டு இணைத்துள்ளேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். இருமல் போய்விட்டது. நீ அதைத் தனியாக விசாரித்திருந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

உன் பட்டியலை அலுவலகக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். "சாம்பல் எனக்கு எப்படிக் கேட்கும்?" என்ற இடத்தில் எல்லோரும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்கள். மேலாளர் மட்டும், "யாருப்பா இது? உன் அக்காவா, நீதிபதியா?" என்றார். "ரெண்டும்தான் சார்" என்றேன். படங்களை வரைகிறவள், "ஐகானைப் பார்த்தாலே புரியுமே!" என்றாள், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவோம் அக்கா. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வரும். நாட்காட்டி மாதத்தைச் சொல்லும். இடம் இருக்கிறதா என்று சொல்லும். இது என் வாக்கு.

உன் தம்பி


பிப்ரவரி 9

பேரன்புடைய தம்பிக்கு,

நலமே விளைக. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்கு உண்கிறாயா என்பதை மட்டும் உன் மனைவி எழுதட்டும். உன் பதிலை நான் ஏற்பதற்கில்லை.

புதிய பதிப்பு வந்தது. பொத்தான்களில் பாதி பெயர் பெற்றுவிட்டன. "முன்பதிவு செய்", "என் முறைகள்", "மருத்துவரைத் தேடு" என்று வரிசையாக அவை கூப்பிடும்போது, அறிமுகமில்லாத கூட்டத்தில் நம்மவர்கள் கைதூக்கியது போல் இருந்தது. ஆனால் "முறையை ரத்து செய்" என்பதற்கும் "முறையை மாற்று" என்பதற்கும் இன்னும் பெயர் இல்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஆபத்தான இடம் அதுவே. அதை முதலில் கவனி.

இசை ஆசிரியரைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா? வயலின் கற்பிப்பவர், எங்கள் பார்வையற்றோர் சங்கத்தின் மூத்த உறுப்பினர். சிறுநீரகம் செயலிழந்ததால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள எங்கள் மருத்துவமனைக்கு வருகிறார். கச்சேரி, வகுப்பு என்று முறையை அடிக்கடி மாற்றுவார். நேற்றும் தொலைபேசியில் வந்தார்.

"மேடம், வியாழக்கிழமையை வெள்ளிக்கு மாத்தணுமே."

"ஒரு மாதத்துக்குள் இது நான்காவது தடவை ஐயா."

"அதான் வெட்கமா இருக்கு. என் ரத்தத்தைச் சுத்தம் பண்ண நான் ஊரைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கு. அந்தச் செயலி எப்ப வரும்? நானே என் விரலால மாத்திக்கணும். உங்க குரலைக் கேக்க முடியாதேங்கிறது ஒண்ணுதான் வருத்தம்."

இதையும் உன் மேலாளருக்குப் படித்துக் காட்டு. அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

உன் நலம் விரும்பும்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், சாட்சிக்கு இவள் பக்கத்தில் தலையாட்டுகிறாள்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. வேலை கழுத்துவரை இருந்தது. நீ சொன்ன அத்தனையும் இந்தப் பதிப்பில் இருக்கின்றன. ரத்து, மாற்று இரண்டுக்கும் பெயர் வைத்தது மட்டுமல்ல, ரத்து செய்தால் "உறுதியாகவா?" என்று ஒரு முறை கேட்கும்.

ஒரே ஒரு விஷயம். கைப்பேசியில் செயலிகள் கிடைக்கும் பொதுக் கடையிலிருந்து இறக்கிவிடாதே. நான் அனுப்பும் இணைப்பிலிருந்து மட்டும் நிறுவு. புதுப்பிக்கச் சொல்லி ஏதாவது செய்தி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சோதனைப் பதிப்புகள் இப்படித்தான் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 23

பேரன்புடைய தம்பிக்கு,

வாழிய நலம். என் உடல்நலத்தைக் கேட்காதே. கடந்த பத்து நாட்களாக எனக்கு உடல் இருப்பதே நினைவில்லை.

உன் செயலியில் ஒரு குறையும் காணவில்லை. இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இருபத்து மூன்றும் தீர்ந்தன. "மார்ச் பன்னிரண்டு, வியாழன், மூன்று இடங்கள் உள்ளன" என்று நாட்காட்டி சொன்னபோது, அதையே ஐந்து முறை திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டேன். நொடிகளை அது இப்போது பத்துக்கு ஒருமுறை, அதுவும் தணிந்த குரலில் சொல்கிறது. அதை நினைத்துச் செய்தவன் என் தம்பி என்று எண்ணி, அன்று நான் என் மேசையில் சற்றுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். வேறொன்றுமில்லை, மகிழ்ச்சி.

சென்ற வாரம் கண்காணிப்பாளரின் அறையில், பன்னிரண்டு பேர் முன்னிலையில் செய்துகாட்டினேன். நீ கேட்டபடி அதைக் காணொளியாகவும் எடுத்து அனுப்பினார்கள். ஒரு மருத்துவர், "நான் பார்த்துப் பண்றதைவிட வேகமா பண்றாங்களே!" என்றார். பின்னர், கையெழுத்து வரி தப்பாமலிருக்க அதன் கீழே ஓர் அட்டையை அணைவாக வைத்துக்கொண்டு, நானே சொற்களை அமைத்த சான்றிதழில் கையொப்பமிட்டேன்: "இச்செயலியை எவருடைய துணையுமின்றி நான் தனியே பயன்படுத்தினேன். என்னைப் போன்ற எவரும் அவ்வாறே பயன்படுத்த இயலும் என்று என் சொல்லின் பேரில் உறுதி கூறுகிறேன்."

ஏப்ரல் பதினைந்தில் தொலைபேசி மூடப்படுகிறது. சங்கத்தின் கூட்டத்திலும் எழுந்து நின்று, "அஞ்சாமல் இறக்கிக்கொள்ளுங்கள், நான் சோதித்தது" என்றேன். கைதட்டினார்கள். இசை ஆசிரியர் எல்லோரையும்விடச் சற்றுக் கூடுதலாகத் தட்டினார்.

உன் மேலாளர் என்ன சொன்னார் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

பெருமிதத்துடன்,
உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம். உன் காணொளியை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். பாராட்டினார்கள்.

ஒரு யோசனை. சங்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டாமே. இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்லேன். புதிதாக வருகிற எதிலும் ஆரம்பத்தில் சின்னச் சின்னக் கோளாறு இருக்கும். தொலைபேசியை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கும்படி கண்காணிப்பாளரிடம் நீயே கேட்டால் நல்லது. நீ சொன்னால் கேட்பார்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா?

ஒரு நிகழ்ச்சியை உள்ளபடி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விசாரணை மேசையில் இருந்த என்னிடம் இசை ஆசிரியர் வந்தார். டயாலிசிஸ் பிரிவில் அவருடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார். அவருடைய முறை ரத்தாகியிருந்தது. ரத்து செய்தவர் அவரே என்று பதிவேடு காட்டியது. மறுநாள் மாலைதான் அவருக்கு இடம் கிடைத்தது. அதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். இப்போது தேறிவிட்டார்.

அவர் என்னிடம் கோபிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "வயசாயிடுச்சும்மா. நீங்க சோதிச்சதுன்னா அது சரியாத்தான் இருக்கும். என் விரல்தான் எங்கேயோ தப்பாப் போயிருக்கு."

அவருடைய கைப்பேசியை வாங்கி நானே திறந்தேன். "பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

என் கைப்பேசியைத் திறந்தேன். "முன்பதிவு செய். என் முறைகள். மருத்துவரைத் தேடு."

இரண்டையும் அடுத்த இருக்கைக்காரியிடம் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். செயலியைப் பற்றிய குறிப்பு என்று கடைசியில் ஒரு பக்கம் உண்டாம்; அதைத் திறக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "அவரோடதுல பதிப்பு ரெண்டு புள்ளி நாலுன்னு இருக்கு மேடம்" என்றாள். பிறகு என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "உங்களோடதுல நம்பருக்குப் பதிலா, அக்கா ஒன்பதுன்னு போட்டிருக்கு."

அக்கா ஒன்பது என்றால் என்ன? இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதுக.

அக்கா


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? நாங்கள் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை அவர் பதினைந்து நாளாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதில் எழுதுவார், அழிப்பார். நேற்று நான் சண்டை போட்ட பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

பிப்ரவரி முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை எழுதினார். "சரியில்லேன்னா இப்பவே சொல்லிடு, அக்கா அடிப்பாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு தானே அழுத்திப் பார்ப்பார். நானும் சிரித்துக்கொண்டே, கேட்பதற்குச் சரியாக இருக்கிறதா என்று சொல்வேன். அது எல்லோருக்கும் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன், அண்ணி. இதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 24

அக்கா,

நேராகவே சொல்கிறேன். ஜனவரியில் உன் பட்டியலை நான் படித்துக் காட்டிய மறுவாரம் மேலாளர் கூப்பிட்டார். "ஆயிரத்துல நாலு பேருக்காக மூணு மாசம் தள்ளிப்போட முடியாது. அக்காவைச் சமாதானப்படுத்து, அது உன் பொறுப்பு" என்றார். அதற்குள் நான் உனக்கு வாக்குக் கொடுத்து எழுதிவிட்டேன். முடியாது என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. அதனால் உனக்காக மட்டும் தனிப் பதிப்பு ஒன்று செய்தேன். கடிதத்திலோ தொலைபேசியிலோ நீ ஒவ்வொரு முறை குறை சொல்லும்போதும் அதில் மட்டும் திருத்தினேன். ஒன்பது முறை.

நீ கையொப்பமிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும், அதன் பிறகு அடுத்த வெளியீட்டில் நைசாக உள்ளே சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். காணொளியைப் பார்த்தபோது மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தார்.

வேறு யாருக்காகவும் நான் அப்படி ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்க மாட்டேன், அக்கா. உனக்காகச் செய்தது.

கண்காணிப்பாளருக்கு எழுதிவிடாதே. எழுதினால் என் வேலை போவது நிச்சயம். இரண்டு மாதம் கொடு, எப்படியாவது சரிசெய்கிறேன்.

ஆசிரியரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியரிடம் நீயே கேட்டுக்கொள். மற்றவர்கள் சார்பில் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன்.

சங்கத்தின் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தேன். பதினொருவர் செயலியை இறக்கியிருக்கிறார்கள். பதினொருவருக்கும் அது ஊமையாகவே இருந்திருக்கிறது. ஆறு வாரமாக எவரும் ஏன் என்னிடம் சொல்லவில்லை தெரியுமா? நான் கையொப்பமிட்டதால், குறை தங்களிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். ஒரு பெண் தன் மகளைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்கிறாள்; ஆனால் அதை எனக்குச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். "நீங்க எவ்வளவு ஈஸியா பண்ணிக் காட்டினீங்க மேடம்" என்றாள்.

எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறாய். எனக்குப் பிடித்த ஓர் அறையை மட்டும் கட்டி, அதில் என்னை உட்காரவைத்து, வீடு முழுதும் இப்படித்தான் இருக்கிறது என்று வெளியே அறிவிக்கச் செய்தாய். நான் அறிவித்தேன். நல்ல தமிழில் அறிவித்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன ஆண்டு நீ வந்து என் அறைக்கு வெளிர்நீல வண்ணம் அடித்துவிட்டுப் போனாய். முந்தாநாள் அடுத்த இருக்கைக்காரியை வீட்டுக்கு அழைத்து, சுவர் என்ன நிறம் என்று கேட்டேன். "வெளிர்நீலம்தான் மேடம், ஏன்?" என்றாள். நீ உண்மைதான் சொல்லியிருக்கிறாய். ஆனால் முப்பத்து நான்கு வருடமாக உன்னை அறிந்த நான், உன் சொல்லை இன்னொருத்தியின் கண்ணால் சரிபார்த்தேன். அவள் போன பிறகு வெகுநேரம் அந்தச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

கண்காணிப்பாளருக்கு இன்று எழுதிய கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். அதன் முதல் வாக்கியம் இது: "மார்ச் மாதம் நான் அளித்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன், நான் சோதித்த பொருளும் மக்களுக்கு வழங்கப்பட்ட பொருளும் வேறு வேறு."

அக்கா


ஜூன் 20

அக்கா,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்ததும் நிறுவனமே ஆடிவிட்டது. மேலாளர் என்னைக் கைகாட்டினார். நான் அவரைக் கைகாட்டவில்லை; எழுத்தில் அவர் எதுவும் தரவில்லையே. ஆனால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. என் ஒன்பதாவது பதிப்பை அப்படியே எல்லோருக்கும் வெளியிட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீ கேட்ட பெயர்கள் எல்லாம் இனி எல்லோருக்கும். நீ எழுதியதால்தான் இது நடந்தது.

நீ மறுபடி ஒரு முறை சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையொப்பமிட்டால் என் வேலை நிற்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு போகும். நேராக அவர்களே சொல்லிவிட்டார்கள். இம்முறை ஏமாற்று எதுவும் இல்லை. இவள் மேல் ஆணை.

ஒரே ஒரு கையொப்பம் அக்கா.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

ஜூன் பன்னிரண்டாம் தேதி விசாரணை நடந்தது. அதே அறை, ஏறத்தாழ அதே பன்னிரண்டு பேர். கண்காணிப்பாளர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இதை உங்களுக்குக் கொடுத்தது யாரும்மா?"

"என் தம்பி."

"தெரியாம நடந்திருக்கலாம் இல்லையா?"

அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது புரிந்தது.

"தெரிஞ்சேதான் கொடுத்தான் சார். எனக்குத்தான் தெரியல."

தொலைபேசி இணைப்பைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். நான் பழைய இருக்கையில் இருக்கிறேன். முதல் நாள் வந்த அழைப்புகளில் இசை ஆசிரியருடையதும் ஒன்று. முறையை மாற்றிக் கொடுத்தேன். செயலியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

உன் புதிய பதிப்பைச் சங்கத்தார் பதினொருவரும் பொதுக் கடையிலிருந்து, தத்தம் கைப்பேசியில், தாமே இறக்கிச் சோதிக்கப் போகிறார்கள். அவர்கள் யார் யார் என்பதை உன் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில்லை என்று தீர்மானமாகியிருக்கிறது. அவர்கள் ஒப்பினால் அவர்கள் கையொப்பமிடுவார்கள். நீ சொன்ன மாதக் கடைசிக்குள் அது முடியாது என்பதை அறிந்திருந்தேன். அந்தக் கெடு கடக்கும்வரை உனக்குப் பதில் எழுதாததற்கும் அதுவே காரணம்.

நான் சோதிக்க மாட்டேன். இம்முறை நீ ஒழுங்காகவே செய்திருப்பாய் என்று எண்ணுகிறேன். ஆனால் அதைச் சொல்லத் தகுதியற்ற ஒரே ஆள் இப்போது நான்தான். உன் கையிலிருந்து என் கைக்கு வருவது எப்போதும் குறையின்றியே இருக்கும். அதே வேளையில் பிறர் கைக்கு என்ன போகிறது என்பதை அதைத் தொட்டுப் பார்த்து நான் அறிய வழியில்லை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவளுடைய கடிதத்தை நம்பினேன் என்றும் சொல்.

வழக்கப்படி உன் உடல்நலத்தை விசாரித்து இதை முடிக்க வேண்டும். விசாரித்தால், நலம் என்று எழுதுவாய். அதை நான் நம்பவேண்டியிருக்கும். ஆகையால் விசாரிக்கவில்லை.

அக்கா